களிமண் சிமெண்டும் காற்றாலை மின்சாரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிமெண்ட் ஆலைகள் காற்றாலை மின்சாரத்துக்கும் சூரிய மின்சாரத்துக்கும் மாறிவருவதைப் பற்றிய செய்திகளும் முழுப்பக்க விளம்பரங்களும் அண்மைக் காலமாக நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. அம்மாற்றம் வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும், மின்சாரத்தை மாற்றிவிட்டால் சிமெண்ட் பசுமையாகிவிடும் என்னும் எண்ணம் வாசகர்கள் மனத்தில் பதிந்துவிடுமோ என்ற கவலையும், அந்த எண்ணத்தில் மயங்கித் தமிழ்நாடு தன் வீட்டு வாசலிலேயே இருக்கும், சுட்ட களிமண்ணைச் சிமெண்டில் கலக்கும் நல்லதொரு வாய்ப்பைத் தவறவிட்டுவிடுமோ என்ற கவலையும் சேர்ந்தே இக்கடிதத்தை எழுதவைத்தன. அரசுக் கட்டுமானப் பணிகளில் நெடுங்காலம் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த அரியலூர் மாவட்டத்தில் வசிக்கிறேன்.

சிமெண்டின் கரியமில வாயு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அது சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது; நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ வாயுவாகிப் புகைபோக்கி வழியே போய்விட, 56 கிலோதான் எஞ்சுகிறது. சூளையை எரிப்பது நிலக்கரியா, விறகா, வெயிலா என்பதைப் பொறுத்து இந்த அளவு கொஞ்சமும் மாறாது, ஏனெனில் அந்த வாயு கல்லுக்குள்ளேயே கட்டுண்டு கிடப்பது. இதற்கு மேல், சுட்ட சுண்ணாம்பை மண்ணிலுள்ள சிலிக்காவோடும் அலுமினாவோடும் இரும்போடும் 1450 டிகிரி வெப்பத்தில் பிணைப்பதற்காக எரிக்கப்படும் நிலக்கரியின் புகையும் சேர்கிறது. சற்றே சாய்ந்து சுழலும் நீண்ட இரும்புச் சூளையின் மேல்முனையில் மாவாக அரைத்த கல் நுழைகிறது. கீழ்முனையில் கோலிக்குண்டு அளவிலான உருண்டைகள் செந்தணலாக வந்து விழுந்து, ஆறியதும் கருஞ்சாம்பல் நிறம் பெறுகின்றன. அதுதான் கிளிங்கர். சிறிது ஜிப்சம் சேர்த்து அதை நைசாக அரைத்தால் சாதாரண சிமெண்ட் கிடைத்துவிடும். ஆலைக்கு ஆலை சற்று வேறுபட்டாலும், ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ 850 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அதில் சுமார் 530 கிலோ கல்லிலிருந்து வருவது, மீதி எரிபொருளிலிருந்து வருவது. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டால் நேர்கிறது. சீனாவுக்கு அடுத்தபடியாக அதிகச் சிமெண்ட் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் இங்கே உற்பத்தியாகிறது.

இதையே 50 கிலோ மூட்டை ஒன்றுக்குக் கணக்கிட்டுப் பார்த்தால் எவருக்கும் விளங்கும். கலப்பில்லாத ஓ.பி.சி. மூட்டையில் ஏறக்குறைய 47 கிலோ கிளிங்கர் இருக்கிறது; அதற்குரிய கரியமில வாயு சுமார் 40 கிலோ. கல்லை உடைத்து, அரைத்து, சூளையைச் சுழற்றி, கிளிங்கரை மறுபடியும் அரைத்து மூட்டை கட்டும் வரை அம்மூட்டைக்குச் செலவாகும் மின்சாரம் 4 யூனிட் அளவுதான். அனல்மின் நிலையங்களே மிகுந்த நம் மின்கட்டமைப்பில் அதற்கு ஈடான கரியமில வாயு 3 கிலோ. அதாவது, ஓர் ஆலை தன் மின்சாரம் முழுவதையும் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் பெற்றாலும், மூட்டைக்கு 43 கிலோவாக இருந்தது 40 கிலோவாகக் குறையும், அவ்வளவே. அந்த 3 கிலோவும் குறையத்தான் வேண்டும். ஆனால் அதைக் காட்டி மற்ற 40 கிலோவை மறைக்கக் கூடாது.

எனவே, வேலை தொடங்கவேண்டிய இடம் கிளிங்கர். மூட்டைக்குள் கிளிங்கரைக் குறைத்து, அதன் வேலையைச் செய்யக்கூடிய வேறொன்றைச் சேர்க்க வேண்டும். இது நம் நாட்டுக்குப் புதிதன்று. அனல்மின் நிலையங்களின் ஃபிளை ஆஷ் எனப்படும் சாம்பலை 15 முதல் 35 விழுக்காடு வரை கலக்கும் பி.பி.சி. சிமெண்டும், எஃகு ஆலைக் கசடை 25 முதல் 70 விழுக்காடு வரை கலக்கும் கசடுச் சிமெண்டும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஒப்புதலோடு பல்லாண்டுகளாக விற்பனையாகின்றன. இவற்றால்தான் இந்தியச் சிமெண்டில் கிளிங்கரின் சராசரிப் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இறங்கி, பல பணக்கார நாடுகளைவிட நம் கணக்கு மேம்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் இதற்கு இருந்த எதிர்ப்பை நேரில் கண்டவன் நான். "சாம்பல் கலந்த சிமெண்ட் வேண்டாம், அம்பத்து மூணு கிரேடு குடுங்க" என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கிச் சென்று, சுவர்ப்பூச்சுக்கும் தரைக்கும் கலப்பில்லாத அந்த ஓ.பி.சி.யையே குழைத்த காலம் ஒன்று உண்டு. அந்தக் குரல் இன்றும் முற்றிலும் ஓயவில்லை. பூச்சு வேலைக்கு அவ்வளவு கிளிங்கர் தேவையே இல்லை என்பதும், அதனால் வெடிப்புகள் கூடும் என்பதும் அனுபவமுள்ள ஒவ்வொரு கொத்தனாருக்கும் தெரியும்.

ஆனால் சாம்பலை நம்பியே காலம் முழுவதும் இருந்துவிட முடியாது. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நிறுத்தப்பட்டது. புதிய நிலையங்களும் கட்டப்படுகின்றன என்பது உண்மையாதலால் நாளையே சாம்பல் தீர்ந்துவிடாது. இருப்பினும், இன்று நிறுவப்படும் ஒரு சிமெண்ட் ஆலை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இயங்கும். 2070-க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவதாக 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்திருக்கிறது. நிலக்கரி மின்சாரத்தைக் கைவிடப்போகும் நாடு, அந்நிலக்கரியின் சாம்பலையே தன் பசுமைச் சிமெண்டுக்கு அடித்தளமாக வைத்திருப்பது முரண்.

இங்கேதான் களிமண் வருகிறது. கயோலினைட் என்னும் கனிமம் உள்ள களிமண்ணை 700 முதல் 850 டிகிரி வரை சுட்டால், அதன் அமைப்புக்குள் பிணைந்திருக்கும் நீர் ஆவியாகி வெளியேறி, சிமெண்டோடு வினைபுரியும் ஆற்றல் அதற்கு வந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கல் சுடப்படும்போது வெளியேறுவது கரியமில வாயு, களிமண் சுடப்படும்போது வெளியேறுவது நீராவி; இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இந்த ஒரு வேறுபாட்டில்தான் நான் சொல்லவரும் செய்தி முழுவதும் அடங்கியிருக்கிறது. சுட்ட களிமண்ணோடு சுடாத சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணைபுரிந்து, களிமண்ணின் அலுமினாவும் கல்லின் கார்பனேட்டும் புதிய பிணைப்புகளை உண்டாக்கி, கான்கிரீட்டின் நுண்துளைகளை நெருக்கமாக அடைத்துவிடுகின்றன. 50 விழுக்காடு கிளிங்கர், 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுண்ணாம்புக்கல் தூள், 5 விழுக்காடு ஜிப்சம் என்ற விகிதத்தில் அமைந்த இந்தக் கலவையை எல்.சி.3 என்று துறையினர் அழைக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கேரன் ஸ்கிரிவனரும் கியூபாவின் பேராசிரியர் பெர்னாண்டோ மார்ட்டிரேனாவும் முன்னெடுத்த இவ்வாய்வில் டெல்லி, மும்பை ஐ.ஐ.டி.க்களோடு நம் சென்னை ஐ.ஐ.டி.யும் முக்கியப் பங்காற்றியிருக்கிறது. கான்கிரீட் நீண்டகாலம் எப்படித் தாங்கும் என்பதைப் பற்றிச் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர்கள் மனு சந்தானம், ரவீந்திர கெட்டு ஆகியோரின் குழுவினர் செய்த ஆய்வுகள் உலக அளவில் மேற்கோள் காட்டப்படுகின்றன.

களிமண்ணைச் சுட்டுக் கட்டுமானத்தில் சேர்ப்பது நம் பொறியாளர்களுக்கு அந்நியமான முறையும் அன்று. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில், சுட்ட களிமண் தூளான சுர்க்கியைச் சுண்ணாம்போடு கலந்துதான் பயன்படுத்தினார்கள். போர்ட்லண்ட் சிமெண்ட் வந்த பிறகு அக்கலையை நாம் கைவிட்டோம். இப்போது அதே கலை, அறிவியல் விளக்கத்தோடும் அளவுகளோடும் திரும்பி வந்திருக்கிறது.

மறுபடியும் மூட்டைக் கணக்குக்கு வருகிறேன். எல்.சி.3 மூட்டையில் கிளிங்கர் 25 கிலோ. அதற்குரிய கரியமில வாயு சுமார் 21 கிலோ. 15 கிலோ களிமண்ணை நிலக்கரியால் சுட்டால் மேலும் 3 கிலோ சேரும். ஓ.பி.சி.யின் 40 கிலோவோடு ஒப்பிட்டால் இது பெரும் குறைவு. சாம்பல் நிறையச் சேர்த்த பி.பி.சி. மூட்டையோடு ஒப்பிட்டால் வேறுபாடு அவ்வளவு பெரிதன்று. அந்த மூட்டையின் கணக்கு 26, 27 கிலோ அளவில் இருக்கும். எல்.சி.3-ஐ ஆதரிப்போர் பலர் இந்த இரண்டாம் ஒப்பீட்டைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் இதைச் சொன்னால்தான் அடுத்துவரும் செய்தியின் அருமை தெரியும்.

கிளிங்கர் சூளையின் 1450 டிகிரியை மின்சாரத்தால் எட்டுவது இன்றும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. களிமண்ணுக்குத் தேவையான 800 டிகிரியோ, மின்சூடேற்றிகளால் எளிதில் எட்டக்கூடியது. பீங்கான் தொழிலில் மின் உலைகள் அதைவிட உயர்ந்த வெப்பத்தில் அன்றாடம் இயங்குகின்றன. களிமண்ணிலிருந்து நீராவி மட்டுமே வெளியேறுவதால், அதை மின்சாரத்தால், அதுவும் காற்றாலையிலிருந்தோ சூரிய ஒளியிலிருந்தோ வந்த மின்சாரத்தால் சுட்டால், மூட்டையின் அந்த 30 விழுக்காட்டுப் பகுதிக்கு ஏறத்தாழ உமிழ்வே இல்லாமல் போகிறது. சுண்ணாம்புக்கல் சூளைக்கு எவ்வளவு பசுமை மின்சாரம் கொடுத்தாலும் கல்லின் வாயு நிற்காது. களிமண் சூளைக்குக் கொடுக்கும் பசுமை மின்சாரமோ முழுப் பயனையும் தருகிறது. ஆகவே, கிளிங்கரைக் குறைப்பதையும் மின்சாரத்தைப் பசுமையாக்குவதையும் தனித்தனித் திட்டங்களாகப் பார்க்காமல் களிமண் சூளையில் இரண்டையும் இணைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோளின் சாரம்.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த 15 கிலோ களிமண்ணை உலர்த்திச் சுடுவதற்கு, வெப்ப இழப்பையும் சேர்த்து, தோராயமாக 8 முதல் 10 யூனிட் தேவைப்படும் என்று கணக்கிடுகிறேன். தொழிற்சாலைகளுக்கான உயரழுத்த மின்கட்டணத்தில் இதை வாங்கினால் நிலக்கரியோடு போட்டியிடவே முடியாது. ஆனால் இந்தியாவில் சூரிய மின்சார ஏலங்களில் யூனிட் விலை இரண்டரை ரூபாயை ஒட்டி இறங்கியிருக்கிறது. அந்த விலைக்கு அருகில் ஆலைக்குக் கிடைத்தால் கணக்கு கட்டுப்படியாகும். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் ஆடிக் காற்று வீசும் மாதங்களில், உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதையும் கட்டமைப்பு ஏற்றுக்கொள்ள இயலாமல் காற்றாலைகளை நிறுத்திவைக்கச் சொல்லும் நிலை பலமுறை ஏற்பட்டிருக்கிறது. கிளிங்கர் சூளையை நினைத்தபோது நிறுத்தி நினைத்தபோது மூட்ட முடியாது; அணைத்தால் உள்ளே பூசியிருக்கும் நெருப்புச் செங்கல் வெடித்து உதிரும். களிமண்ணைச் சுடும் மின்னுலையை மின்சாரம் மிகுந்த நேரங்களில் கூடுதலாக இயக்கி, சுட்ட களிமண்ணைச் சைலோக்கள் எனப்படும் உயர்ந்த கொள்கலன்களில் சேமித்துவைத்து, ஆண்டு முழுவதும் அரைவைக்குப் பயன்படுத்தலாம். அரைவை இயந்திரங்களையும் அப்படியே பகல் நேரத்துக்கு மாற்றியமைக்கலாம். வீணாகும் காற்று மின்சாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான நுகர்வோர் கிடைப்பது அரிது.

உலகின் பிற முயற்சிகளையும் அறிந்தே இதைச் சொல்கிறேன். நார்வேயின் பிரெவிக் ஆலையில் 2025-இல் தொடங்கிய திட்டம், ஆண்டுக்கு 4 லட்சம் டன் கரியமில வாயுவைப் புகைபோக்கியிலேயே பிடித்துக் கடலடியில் புதைக்கிறது. அது அவ்வாலையின் உமிழ்வில் பாதி. ஸ்பெயினில் குவித்த சூரிய ஒளியைக் கொண்டு சிறிதளவு கிளிங்கரை உருவாக்கிக் காட்டியதாக 2022-இல் அறிவித்தார்கள். இடித்த கட்டடங்களின் பழைய சிமெண்டை, பழைய எஃகை உருக்கும் மின்வில் உலையில் இட்டு மறுபடியும் கிளிங்கராக்கும் முறையைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்துள்ளனர். இவை யாவும் தொடர வேண்டியவை. ஆனால் வாயுவைப் பிடித்துப் புதைக்கப் பெரும் முதலீடும் பொருத்தமான நிலத்தடி அமைப்பும் வேண்டும். மற்றவை முதிர இன்னும் காலமாகும். களிமண்ணைச் சுடுவதோ இன்றே நடக்கிறது: கொலம்பியாவின் ரியோகிளாரோ ஆலையில் 2020 முதல் ஆண்டுக்கு நாலரை லட்சம் டன் களிமண்ணைச் சுடும் பிரிவு இயங்குகிறது. அங்கே எரிபொருளால் செய்வதை இங்கே மின்சாரத்தால் செய்வதற்குத்தான் நாம் முயல வேண்டும்.

அதற்கு அரியலூர் ஏன் ஏற்ற இடம் என்பதைச் சொல்கிறேன். இங்கே சுண்ணாம்புக்கல்லும் கிளிங்கர் சூளைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. விருத்தாசலம் வழியாகச் செல்லும் கார்டு லைன் ரயில்பாதை இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. அந்த விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்ததற்குக் காரணமே நெய்வேலிப் பகுதியில் கிடைக்கும் வெண்களிமண்தான். நெய்வேலிச் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக அதன்மேல் கிடக்கும் மணலையும் களிமண்ணையும் மலைபோல் அகழ்ந்து குவிக்கிறார்கள். பீங்கானுக்கு வேண்டிய தூய்மை எல்.சி.3-க்கு வேண்டியதில்லை, கயோலினைட் 40 விழுக்காடு இருந்தாலே போதும். ஆகவே, பீங்கான் தொழிலார் கழித்துவிடும் இரண்டாம் தரக் களிமண்ணும், சுரங்கத்தின் மேல்மண் குவியல்களில் ஒரு பகுதியும் இதற்குப் பயன்படக்கூடும். எந்தக் குவியலில் எவ்வளவு கயோலினைட் இருக்கிறது என்பதை மாநிலப் புவியியல், சுரங்கத் துறையும் என்.எல்.சி. நிறுவனமும் சேர்ந்து ஆய்ந்து, ஒரு வரைபடமாக வெளியிடுவதுதான் முதல் வேலை.

ஒரு கண்டிப்பான நிபந்தனையையும் இங்கேயே வைக்கிறேன். களிமண் என்ற பெயரில் விளைநிலத்தின் மேல்மண்ணிலோ, ஏரி, குளங்களின் வண்டலிலோ எவரும் கைவைக்க இடம்கொடுக்கக் கூடாது. அவை உழவருக்கு உரியவை. மேலும், வண்டலில் பொதுவாக இதற்கு வேண்டிய கயோலினைட் போதிய அளவு இருப்பதுமில்லை. சுண்ணாம்புக்கல் எடுத்துவிட்டுக் கைவிடப்பட்ட பள்ளங்களில் நீர் தேங்கிக் கிடப்பதையும், லாரிகள் கிளப்பும் புழுதி சாலையோர வயல்களில் படிவதையும் அன்றாடம் பார்த்துவரும் அரியலூர் மக்களுக்கு, பசுமைச் சிமெண்டின் பெயரால் இன்னொரு சுரங்கச் சுமை வந்துசேரக் கூடாது. ஏற்கெனவே அகழ்ந்து குவித்த மண்ணிலிருந்து தொடங்குவதே முறை. கிளிங்கர் பாதியாகக் குறைந்தால் இம்மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் வளமும் கூடுதல் காலம் நீடிக்கும் என்பதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தச் சிமெண்டுக்குக் குறைகளே இல்லை என்று நான் வாதிடவில்லை. முதல் ஓரிரு நாள்களில் இதன் வலிமை ஓ.பி.சி.யைவிடச் சற்றுக் குறைவு. ஏழாம் நாளில் ஈடாகிவிடுகிறது. கலவை சற்று இறுகலாக இருப்பதால், தண்ணீரை அதிகம் ஊற்றிவிடும் பழக்கம் நம் பணியிடங்களில் தலைகாட்டும். தண்ணீருக்குப் பதிலாக உரிய இளக்கிக் கலவைப்பொருளைச் சேர்க்கப் பழக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் ஊடுருவுவதைத் தடுப்பதில் இது ஓ.பி.சி.யைவிடச் சற்றுப் பின்தங்கியது என்பதால், கியூரிங்கில் எந்தச் சலுகையும் கிடையாது. கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், வெயில் கடுமையான இடத்தில் 14 நாள் ஈரம் காக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 விதிநூல் கூறுகிறது. மூன்றாம் நாளே சாக்கை உருவிவிடும் ஒப்பந்ததாரர் இச்சிமெண்டைப் பயன்படுத்தத் தகுதியற்றவர். இரும்புச்சத்து மிகுந்த களிமண் செந்நிறமாக மாறும். சாம்பல் நிறம்தான் சிமெண்ட் என்று பழகிய கண்களுக்கு அது ஏற்காது. சுட்ட பிறகு குளிர்விக்கும் முறையை மாற்றி நிறத்தைச் சாம்பலாக்கும் உத்தி இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் எதிராக ஒரு பெரும் நன்மையை வைக்கலாம், அது நம் மாநிலத்துக்கென்றே அமைந்தது போன்றது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உடைய தமிழ்நாட்டில், கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்வதே கட்டடங்களின் முதல் எதிரி. துரு ஏறிய கம்பி பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கும். கடலோரத் தொகுப்பு வீடுகளிலும் பள்ளிக் கட்டடங்களிலும் கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து கம்பி தெரியும் காட்சியைக் காணாத பொறியாளர் இருக்க மாட்டார். சுட்ட களிமண்ணால் நுண்துளைகள் அடைபடுவதால், உப்பு உள்ளே இறங்கும் வேகம் ஓ.பி.சி. கான்கிரீட்டில் உள்ளதைவிடப் பலமடங்கு குறைகிறது என்பதை ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. இருபது ஆண்டில் பழுதுபார்க்கவேண்டிய கட்டடம் மேலும் பல ஆண்டுகள் தாங்கினால், இரண்டாம் முறை கட்டுவதற்கான சிமெண்ட் மிச்சம். அந்த மிச்சத்தை எந்த உமிழ்வுக் கணக்கிலும் சேர்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

அப்படியிருந்தும் இச்சிமெண்ட் ஏன் இன்னும் பரவலாகக் கடைக்கு வரவில்லை? தரநிலை இல்லை என்ற காரணத்தை இனிச் சொல்ல முடியாது. சுட்ட களிமண், சுண்ணாம்புக்கல் கலந்த போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஐ.எஸ். 18189 என்னும் தரநிலையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-லேயே வெளியிட்டுவிட்டது. அதே ஆண்டில் ஒன்றிய அரசு அறிவித்த கார்பன் வரவு வணிகத் திட்டத்தின் வரம்புக்குள் சிமெண்ட் துறையும் வருகிறது. இடையில் நிற்பது வாங்குவோரின் தயக்கம். விற்பனை உறுதியில்லாமல் களிமண் சூளைக்கு எந்த ஆலையும் முதலீடு செய்யாது. பொருள் கைக்கு வராமல் எந்தப் பொறியாளரும் தம் எஸ்டிமேட்டில் அதை எழுத மாட்டார். இந்த முடிச்சை அவிழ்க்கும் ஆற்றல் அரசுக்கே உண்டு. பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை, வீட்டுவசதி வாரியம், குடிநீர் வாரியம் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் அரசைவிடப் பெரிய கட்டுநர் எவருமில்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மட்டும் 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்ட இலக்கு வைத்திருக்கிறார்கள். துறைகளின் விலைப்பட்டியலில் ஒரு வரி சேர்ந்தால் போதும். டெண்டர் நிபந்தனையிலும் எஸ்டிமேட்டிலும் அது தானாக இறங்கிவிடும். அந்த வரி இல்லாத வரையில், எவ்வளவு நல்ல சிமெண்டானாலும் தணிக்கையில் கேள்வி வரும் என்ற அச்சத்தில் கீழ்நிலைப் பொறியாளர் அதைத் தொட மாட்டார். அவரைக் குறைசொல்ல மாட்டேன்.

வேறு பல மாநிலங்களுக்கு இல்லாத இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. டான்செம் எனப்படும் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் அரசுக்குச் சொந்தமானது. அதற்கு அரியலூரிலும் ஆலங்குளத்திலும் ஆலைகள் இருக்கின்றன. அரசு சிமெண்டும், 2021-இல் அறிமுகமான 'வலிமை'யும் மக்களிடம் பெயர் பெற்றவை. தனியார் ஆலைகள் லாபக் கணக்குப் பார்த்துத் தயங்கும் முதல் முயற்சியை ஒரு பொதுத்துறை நிறுவனம் செய்து காட்டுவதுதான் அது இருப்பதற்கே பொருள். அரியலூர் ஆலையை ஒட்டிச் சிறிய அளவில் மின்சாரக் களிமண் சூளை ஒன்றை அமைத்து, அதற்கென்று காற்றாலை, சூரிய மின்சார ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டு, சென்னை ஐ.ஐ.டி.யின் வழிகாட்டலில் முதல் மூட்டைகளை வெளியிட்டால், எவ்வளவு மின்சாரம் ஆனது, எவ்வளவு செலவானது என்ற உண்மைக் கணக்கு எல்லா ஆலைகளுக்கும் கிடைக்கும். அக்கணக்கை மூடிவைக்காமல் வெளியிட வேண்டும் என்பதையும் திட்டத்தின் நிபந்தனையாகவே ஆக்கலாம்.

தங்கள் நாளிதழின் வாயிலாக அரசின் பார்வைக்கு நான் வைப்பவை இவையே. பொதுப்பணித் துறை அடுத்து வெளியிடும் விலைப்பட்டியலில் ஐ.எஸ். 18189 சிமெண்டைச் சேர்த்து, கடலோர மாவட்டங்களின் அரசுக் கட்டடங்களில் அதற்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். டான்செம் சூளைத் திட்டத்துக்கான சாத்தியக்கூறு அறிக்கையை இந்த நிதியாண்டிலேயே தயாரிக்கப் பணிக்க வேண்டும். காற்று மிகுந்த மாதங்களில் நிறுத்திவைக்கப்படும் மின்சாரத்தைக் களிமண் சூளைகள் எடுத்துக்கொள்ள, மின்கடத்தல் கட்டணத்தில் பருவகாலச் சலுகை அளிப்பதைப் பற்றித் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுக்கருத்துக் கேட்க வேண்டும். இந்தச் சிமெண்டைச் சோதிக்க மாவட்டத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களின் பணியாளர்களுக்கும், குழைத்துப் பழகக் கொத்தனார்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் பயிற்சி தர வேண்டும்; அரியலூரிலும் நாகப்பட்டினத்திலும் தலா ஓர் அரசுப் பள்ளி வகுப்பறையை இச்சிமெண்டால் கட்டி, பணி நடக்கும்போதே பொறியாளர்களையும் கொத்தனார்களையும் அழைத்துக் காட்டினால், அச்சிடப்பட்ட கையேடுகளால் வராத நம்பிக்கை அவர்களுக்கு வரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்,
அரியலூர்.